பெர்லில் 12 வருஷம் ஆயிற்று, இனி எந்தப் பக்கம் போவது?

ஒட்டகம்_87 (தரமணி), 2 செப்டம்பர் 2024, இரவு 11.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-இல் கேம்பஸில் எடுத்தார்கள். மூன்று மாதம் ஜாவா சொல்லிக்கொடுத்துவிட்டு நான்காவது மாதம் பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியின் ப்ராஜெக்ட்டில் போட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பில்லிங். யார் யாரோடு எத்தனை விநாடி பேசினார்கள் என்ற பதிவுகள் கோப்பு கோப்பாக வந்து இறங்கும். அதைப் பிரித்து, விலை போட்டு, டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். மொத்தம் மூன்று லட்சம் வரி, அதில் பாதி 1999-இல் எழுதியது. முதல் நாள் திறந்தபோது கோழி கிண்டிய மாதிரி இருந்தது. டாலர் குறி, அட் குறி, அலைக்குறி, நடுவில் அங்கங்கே நாலு எழுத்து. "இதையா படிக்கச் சொல்கிறார்கள்" என்று மதியமே ஹெச்.ஆர்.-இடம் போய் நின்றேன். அனுப்பிவிட்டார்கள்.

ஆறு மாதத்தில் பிடித்துப்போயிற்று. எப்படி என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 200 வரி ஜாவாவில் செய்ததை 12 வரியில் முடித்து, அது ஓடியும்விட்டால் வருகிற ஒரு திமிர் இருக்கிறதே, அதுவாக இருக்கலாம். அப்புறம் பெர்ல் ஆட்கள் தங்கள் நிரல்களைப் பகிர்கிற சிபான் என்ற இணையக் கிடங்கில் போய் மற்றவர்கள் எழுதிய மாட்யூல்களை, அதாவது எடுத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டுகளை, படிக்க ஆரம்பித்தேன். பிழை திருத்தி அனுப்பினேன். 2016-இல் சொந்தமாக ஒன்று ஏற்றினேன். எண்களுக்கு நம் லட்சம், கோடி முறையில் காற்புள்ளி போடுகிற குட்டி மாட்யூல் அது, 140 வரிதான். எங்கெங்கோ யார் யாரோ பயன்படுத்துகிறார்கள். வேறு ஆட்களின் மூன்று மாட்யூல்களுக்கும் இப்போது நான் துணைப் பராமரிப்பாளர்.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டார். கிளையன்ட் பெர்லை முழுக்கக் கைவிடுகிறார்களாம், 2026-க்குள் எல்லாம் பைத்தான் மொழிக்கு மாறுமாம். "நீ ஜாவா பக்கம் வந்துவிடு, அங்கே ஆள் தேவை" என்றார். நௌக்ரி வேலைத் தளத்தில் ப்ரொஃபைலைப் புதுப்பித்தேன். மூன்று வாரத்தில் வந்த அழைப்புகள் இரண்டு. ஒன்றில் அந்தப் பெண் "பெர்ல் என்றால் ஜுவல்லரி டொமைனா சார்?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முத்து என்று நினைத்து உண்மையாகவே கேட்டார்.

வயது 34. குழந்தைக்கு மூன்று வயது. பெரும்பாக்கத்தில் வீட்டுக் கடன். என் கேள்வி இதுதான்: 12 வருஷம் ஒரே மொழியில் உட்கார்ந்தது தப்பா? யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட ஓப்பன் சோர்ஸ் நிரல்களில் செய்ததற்கு இந்த ஊரில் ஏதாவது மதிப்பு உண்டா, இல்லை அது வெறும் பொழுதுபோக்கா?

---

கோபால்_மெயின்ஃப்ரேம் (தாம்பரம்), 3 செப்டம்பர், காலை 6.15

தம்பி, முதலில் தூங்குங்கள். இரவு 11.40-க்கு எடுக்கிற முடிவு எதுவும் உருப்படாது.

நான் 1994-இலிருந்து கோபால். பெயரும் கோபால், நிரல்மொழியும் கோபால் (COBOL), அந்த ஜோக்கை ஏற்கெனவே எல்லோரும் அடித்துவிட்டார்கள். நான் சேரும்போதே "இது செத்த மொழி, நீ இறுதிச் சடங்குக்கு வந்திருக்கிறாய்" என்றார் என் டீம் லீட். 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி. 2000 பிறக்கும்போது கணினித் தேதிகள் குழம்பும் என்ற ஒய்2கே-யில் சாகும் என்றார்கள், சாகவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா சமயம் அமெரிக்காவின் நியூஜெர்சி கவர்னர் டிவியில் வந்து, வேலையில்லாதோர் உதவித்தொகை சிஸ்டத்துக்கு கோபால் தெரிந்தவர்கள் தேவை என்று கேட்டார். அன்றைக்கு என் பையன் முதல்முறையாக என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான்.

ஆனால் ஒன்று. கோபாலுக்கு வங்கிகள் இருக்கின்றன, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மாற்ற பயப்படுகிறவர்களின் பணத்தில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். பெர்லைப் பிடித்துவைத்திருக்கிற அப்படி ஒரு பெரிய கை எது என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை. அதனால் என் கதையை உங்களுக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

குமுதா_டேட்டா (பெங்களூரு), 3 செப்டம்பர், காலை 9.50

நான் வாரத்துக்கு நான்கு இன்டர்வியூ எடுக்கிறேன், அதனால் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் ரெஸ்யூமேயின் முதல் வரி "பெர்ல் டெவலப்பர், 12 ஆண்டு அனுபவம்" என்று இருக்கும் என நினைக்கிறேன். அதுதான் பிரச்சினை. ஹெச்.ஆர். அந்தச் சொல்லைத் தேடுவதில்லை, அதனால் நீங்கள் யார் கண்ணிலும் படமாட்டீர்கள்.

நீங்கள் உண்மையில் செய்தது என்ன? ஒரு நாளைக்கு எத்தனை கோடிப் பதிவு ஓடியது? நடுவில் ஒரு கோப்பு பாதியில் உடைந்து வந்தால், ஒரே அழைப்புக்கு இரண்டு முறை பில் போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? அதை எழுதுங்கள். இன்றைக்கு அதற்கு "டேட்டா இன்ஜினியரிங்" என்று பெயர் வைத்து என் டீமில் எட்டுப் பேர் செய்கிறோம். அதில் பாதிப் பேருக்கு இந்த இரட்டை பில் விஷயமே ஓடாது.

ஓப்பன் சோர்ஸ் பற்றி: நேர்மையாகச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் ரெஸ்யூமேயில் நீங்கள் போடும் மாட்யூல் லிங்கைத் திறக்கமாட்டார்கள். திறக்கிற இரண்டு பேரிடம்தான் நீங்கள் வேலை பார்க்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? பணியில் இருக்கும்போது எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு பத்தி இருக்கும். மாட்யூலை ஏற்ற எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா?

---

ஒட்டகம்_87, 3 செப்டம்பர், மதியம் 1.20

கோபால் சார், நன்றி. தூங்கினேன்.

குமுதா, இரட்டை பில் விஷயம் நான் யோசிக்காதது. ரெஸ்யூமேயில் "நிலைத்தன்மையை மேம்படுத்தினேன்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது, படிக்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது. மாற்றி எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி இருக்கிறது. 2016-இல் அப்போதைய மேனேஜரிடம் மெயிலில் கேட்டேன். "கிளையன்ட் கோட் எதுவும் கலக்காத வரை எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டார். அவர் இப்போது அங்கே இல்லை. அந்த மெயிலை அச்செடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

---

பைத்தான்_பழனி, 3 செப்டம்பர், மாலை 4.05

இன்னும் பெர்லா? 2000-இல் பெர்ல் 6 என்று புதிய பதிப்பு வரும் என்றார்கள். 2015 கிறிஸ்துமஸுக்கு வந்தது. 2019-இல் அதற்கு ராகு என்று பெயரே மாற்றிவிட்டார்கள். 19 வருஷம் ஒரு பெயரை அடைகாத்து, கடைசியில் வேறு பறவை பொரிந்தது. அப்புறம் 2020-இல் பெர்ல் 7 என்று ஒரு அறிவிப்பு, அதுவும் புஸ். இந்த மொழியை நம்பி 12 வருஷமா! ஒரு வாரத்தில் பைத்தான் படித்துவிடலாம் ப்ரோ, எதற்கு இந்த ஒப்பாரி.

---

தேவி_டெபியன் (திருச்சி), 3 செப்டம்பர், இரவு 8.30

பழனி, நீங்கள் சொன்ன வருஷங்கள் சரி. ஆனால் பெர்ல் செத்துவிட்டது போலப் பேசுவது மட்டும் சரியில்லை.

நீங்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பினால், அதன் வடிவத்தைச் சரிபார்க்கிற செக்பேட்ச் ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் மெயில் வழியாகப் பேட்ச் அனுப்பும் கட்டளை பெர்ல். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மென்பொருளைப் பொட்டலம் கட்டுகிற டெப்ஹெல்ப்பர் பெர்ல். இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ மூல நிரலிலிருந்து கட்ட வேண்டுமென்றால் முதலில் பெர்ல் வேண்டும். புகைப்படத்தில் ஒளிந்திருக்கும் தேதி, கேமரா விவரம் எல்லாம் எடுக்கும் எக்ஸிஃப்டூல் பெர்ல். பைத்தான் 2-இலிருந்து 3-க்குப் போக உங்கள் ஆட்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று? 2008 டிசம்பரில் 3.0 வந்தது, 2-ஐ மூடியது 2020 ஜனவரி 1. பெர்லில் 1990-களில் எழுதியதில் பெரும்பகுதி இன்றும் அப்படியே ஓடும்.

சரி, இதெல்லாம் ஒட்டகத்துக்கு வேலை வாங்கித் தராது என்பதும் தெரியும். உள்ளே ஓடிக்கொண்டிருப்பது வேறு, புதிதாக ஆள் எடுப்பது வேறு. செக்பேட்ச் இருப்பதால் யாரும் தரமணியில் ஆள் எடுக்கப் போவதில்லை.

---

வடக்குவெளி (டொரொண்டோ), 4 செப்டம்பர், காலை 7.45

என் கதையையும் சொல்கிறேன். நான் எர்லாங் என்ற நிரல்மொழியின் ஆள். சொந்த ஊர் சாவகச்சேரி, இங்கே 2009-இல் வந்தேன். முதல் வேலையில், நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் ராபிட்எம்க்யூ என்ற மென்பொருள் ஒன்று அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. எர்லாங்கில் எழுதியது என்பதால் பயம். புதிதாக வந்தவன் என்று என் தலையில் கட்டினார்கள்.

இந்த மொழியின் சரித்திரம் ஒட்டகத்துக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஸ்வீடனில் எரிக்சன் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1986 வாக்கில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் கூட இருந்தவர்களும் தொடங்கியது. டெலிபோன் ஸ்விட்ச் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த மொழி. 1998-இல் எரிக்சனின் ரேடியோ பிரிவே "புதிய ப்ராடக்டுகளில் எர்லாங் வேண்டாம்" என்று தடை போட்டது. அதே வருஷம் டிசம்பரில் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியே விட்டார்கள். எழுதியவர்கள் பலர் வேலையை விட்டுவிட்டுத் தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். வீட்டில் வேண்டாம் என்று துரத்திய பிள்ளைதான் பிறகு வாட்ஸ்அப்பின் முதுகெலும்பானது. 2014-இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது 45 கோடி பயனர்கள், இன்ஜினியர்கள் 32 பேர்.

ஆனால் வாட்ஸ்அப் கதையைக் கேட்டு யாரும் எர்லாங்குக்கு ஓடி வர வேண்டாம். இந்த நகரம் முழுக்க எனக்குத் தெரிந்த எர்லாங் வேலை பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்று போனால் அடுத்ததுக்கு எட்டு மாதம் காத்திருந்தேன். அந்த எட்டு மாதம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது, அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அடுத்த வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? ராபிட்எம்க்யூ மெயிலிங் லிஸ்டில் நான் முன்பு பதில் சொன்ன ஒருவர் கூப்பிட்டார். என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

---

நிரல்_நெல்லை (பாளையங்கோட்டை), 4 செப்டம்பர், இரவு 9.10

அண்ணா, நான் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் எல்லோரும் இன்டர்வியூப் புதிர்த் தளமான லீட்கோட் போடு, லீட்கோட் போடு என்கிறார்கள். ஓப்பன் சோர்ஸில் சேர ஆசை. ஆனால் நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் எதைத் திறந்தாலும் லட்சம் வரி இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுத்துப்பிழை திருத்தி, சேர்த்துக்கொள்ளும்படி இரண்டு புல் ரிக்வெஸ்ட் போட்டேன், ஒன்றைப் பதிலே இல்லாமல் மூடிவிட்டார்கள். உங்கள் முதல் பேட்ச் எது அண்ணா?

---

ஒட்டகம்_87, 5 செப்டம்பர், இரவு 12.25

நெல்லை, முதல் பேட்ச் என்றால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். ஒரே ஒரு சொல்.

2014-இல் ப்ராஜெக்ட்டை பெர்ல் 5.18-க்கு ஏற்றினோம். நிரல் சரியா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட்களில், நேற்று வரை பச்சையாக (பாஸ்) இருந்த ஒன்று சிவப்பானது (ஃபெயில்). திரும்ப ஓட்டினால் பச்சை. மறுபடி ஓட்டினால் சிவப்பு. ஒருத்தரும் எதையும் மாற்றவில்லை. டீமில் ஒருவர் சர்வர் ரூம் ஏசியைச் சந்தேகப்பட்டார், சத்தியமாக. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் பிடிபட்டது. ஹேஷ் என்பது சாவி, மதிப்பு என்று ஜோடி ஜோடியாகத் தகவல் வைக்கிற பெட்டி. அதில் இருக்கிற சாவிகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு பெர்லில் எந்தக் காலத்திலும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் 5.18-க்கு முன் நடைமுறையில் பெரும்பாலும் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தது, எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். உள்ளே ஒரே இடத்தில் விழுந்து மோதும் சாவிகளை வேண்டுமென்றே அனுப்பி சர்வரைத் திணறடிக்கிற தாக்குதலுக்கு எதிராக, 5.18-இல் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரிசையைக் கலைத்துவிட்டார்கள். நாங்கள் பயன்படுத்திய சிபான் மாட்யூலின் டெஸ்ட், சாவிகளை அப்படியே ஒட்டி ஒரு எழுத்துச் சரமாக்கி, எதிர்பார்த்த சரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

திருத்தம் என்ன? சாவிகளுக்கு முன்னால் "சார்ட்" (வரிசைப்படுத்து) என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

எங்கள் பிரதியில் திருத்திவிட்டு விட்டிருக்கலாம். ஏனோ அன்று எழுதியவருக்கு மெயில் போட்டேன். எதனால் உடைகிறது, எத்தனை முறை ஓட்டினால் எத்தனை முறை உடைகிறது என்று பத்து வரி எழுதினேன். மறுநாள் காலை புதிய பதிப்பு வந்திருந்தது. அந்த மாட்யூலின் மாற்றங்கள் கோப்பில் என் பெயர், ஒரு எழுத்து தப்பாக. "ழ" வெள்ளைக்காரர்களுக்கு வராது. அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். "இதற்குச் சம்பளம் உண்டா?" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரீட்மீயைத் தேடிப் போகாதே. நீ தினமும் பயன்படுத்துகிற ஒன்று உன்னைக் கடுப்பேற்றட்டும், அதைத் தோண்டு.

டெஸ்ட் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிபானில் ஒரு மாட்யூலை ஏற்றினால், உலகமெங்கும் தன்னார்வலர்கள் வைத்திருக்கிற மெஷின்களில் அது தானாக ஓடி, பாஸா ஃபெயிலா என்று அறிக்கை வரும். சிபான் டெஸ்டர்ஸ் என்று பெயர். என் காற்புள்ளி மாட்யூலின் முதல் பதிப்பை ஏற்றிவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் நாலைந்து ஃபெயில், எல்லாம் 32 பிட் முழு எண் உள்ள, அதாவது மிகப் பெரிய முழு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள முடியாத பெர்ல்கள். பத்துக் கோடி கோடி, அதாவது ஒன்றுக்குப் பின் 15 சைபர், அதைக் கொடுத்தால் என் மெஷினில் அழகாகக் காற்புள்ளி விழும். அந்த மெஷின்களில் பெர்ல் அதை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது "ஒன்று ஈ பிளஸ் பதினைந்து" (1e+15) என்று தரும். நான் அந்த "ஈ பிளஸ்" நடுவில் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். என் மேஜையில் அப்படி ஒரு மெஷின் எந்த ஜன்மத்தில் வந்திருக்கும்?

---

பைத்தான்_பழனி, 5 செப்டம்பர், காலை 10.30

ஏசியைச் சந்தேகப்பட்டது சூப்பர். சரி, முந்தாநாள் கொஞ்சம் ஓவராகப் பேசிவிட்டேன். பைத்தானிலும் 3.3-இல் அதே ஹேஷ் கலைப்பு வந்து எங்கள் டெஸ்டுகள் நாறின.

---

இரண்டு_பிள்ளை_அம்மா (கோவை), 5 செப்டம்பர், மதியம் 2.45

யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். இந்த ஓப்பன் சோர்ஸ் எல்லாம் எந்த நேரத்தில் செய்கிறீர்கள்? ஒட்டகத்தின் பதிவுகளின் நேரத்தைப் பாருங்கள்: 11.40, 12.25. மூன்று வயசுக் குழந்தை உள்ள வீட்டில் அந்த நேரத்தில் யார் விழித்திருக்க முடிகிறது, யாரால் முடியவில்லை?

நானும் ஒரு ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரியை நான்கு வருஷம் பராமரித்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது 63 இஷ்யூ, அதாவது பயன்படுத்துகிறவர்களின் புகார். அதில் ஒன்றில் யாரோ "இந்த ப்ராஜெக்ட் செத்துவிட்டதா? பொறுப்பில்லாத மெயின்டெய்னர்" என்று எழுதியிருந்தார். அவர் எனக்கு ஒரு ரூபாய் கொடுத்தவர் இல்லை. அவருடைய கம்பெனி கொடுத்திருக்கலாம், அதுவும் இல்லை.

2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது, பாதி இணையத்தின் பூட்டான ஓப்பன்எஸ்எஸ்எல்-க்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று. நம் ஊரில் ஒரு கல்யாண மண்டப வாடகை. அதற்கப்புறம் பெரிய கம்பெனிகள் பணம் போட்டன, சரி. ஆனால் நெல்லைத் தம்பியிடம் "ஆர்வம், பேஷன்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

---

குமுதா_டேட்டா, 5 செப்டம்பர், மாலை 6.00

கோவைக்காரங்க சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் வெட்டமாட்டேன். நான் இன்டர்வியூவில் "கிட்ஹப் லிங்க் கொடுங்கள்" என்று கேட்பதை இரண்டு வருஷம் முன்பு நிறுத்தியதும் இதனால்தான். இருந்தால் பார்க்கிறேன். இல்லையென்றால் அதற்காக மார்க் குறைப்பதில்லை.

---

ஒட்டகம்_87, 6 செப்டம்பர், காலை 8.10

கோவை அக்கா, உண்மை. என் மனைவி இந்தப் பதிவைப் படித்துவிட்டு "அவங்க நம்பர் வாங்கு" என்றாள். நேற்று இரவு பத்து மணிக்கே லேப்டாப்பை மூடினேன்.

அந்தப் பணக் கதையில் பெர்ல் கொஞ்சம் பரவாயில்லை. பெர்ல் ஃபவுண்டேஷனுக்கு மொழியின் மையத்தைப் பராமரிக்கவென்றே ஒரு நிதி இருக்கிறது. அதிலிருந்து டேவ் மிட்செல், டோனி குக் போன்ற நிரலர்களுக்கு வேலை செய்த மணிக்கு இவ்வளவு என்று பணம் போகிறது. ஆனால் அது மொழியின் எஞ்சினுக்கு. என்னைப் போல ஓரத்தில் காற்புள்ளி போடுகிறவனுக்கு இல்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்போது யோசிப்பது இது. வேலை மாறினால் பெர்லே தொடமாட்டேன். மாட்யூல்களை யாரிடமாவது கொடுத்துவிடலாமா? போன மாதம் முகம் தெரியாத ஒருவர் "நான் பார்த்துக்கொள்கிறேன், முழு உரிமையும் தாருங்கள்" என்று மெயில் போட்டிருக்கிறார்.

---

தேவி_டெபியன், 6 செப்டம்பர், காலை 9.25

கொடுக்காதீர்கள்! முழுசாக, அதுவும் மெயிலில் கேட்டதும் கொடுக்காதீர்கள்.

2018-இல் ஜாவாஸ்க்ரிப்ட் நிரல் கிடங்கான என்பிஎம்-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்று ஒரு பொட்டலம். வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் டவுன்லோட். எழுதியவர் அதைப் பல வருஷமாகத் தொடவில்லை. ஒருவர் வந்து "நான் பார்க்கிறேன்" என்றார், கொடுத்துவிட்டார். வந்தவர் ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவைத்துத் திருட்டு நிரலை உள்ளே வைத்தார். இந்த வருஷம், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளின் கதை அதைவிட மோசம். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பேட்சுகளாகப் போட்டு நம்பிக்கை சம்பாதித்தார். நடுவில் வேறு பெயர்களில் சிலர் வந்து, சோர்ந்துபோயிருந்த பழைய பராமரிப்பாளரை "சீக்கிரம் யாரிடமாவது கொடு" என்று நெருக்கினார்கள். கடைசியில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தாயிற்று. ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆள், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் லாகினில் ஏன் அரை விநாடி கூடுதலாகப் போகிறது என்று தோண்டியதால் மார்ச் 29-ஆம் தேதி வெளியே வந்தது. அரை விநாடி!

சிபானில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. முதலில் துணை உரிமை மட்டும் கொடுக்கலாம். சிபானுக்கு மாட்யூல் ஏற்றுகிற பாஸ் (PAUSE) சர்வரில் "நீட்ஹெல்ப்", "ஹேண்டாஃப்" என்று இரண்டு பொம்மைக் கணக்குகள் உண்டு. உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் முதலாவதுக்கும், கைமாற்றத் தயார் என்றால் இரண்டாவதுக்கும் உங்கள் மாட்யூலில் துணை உரிமை கொடுத்துவைத்தால் எல்லோர் கண்ணிலும் படும். கேட்கிறவர் ஒரு வருஷம் கூட வேலை பார்க்கட்டும். அவசரப்படுகிறவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

---

சொல்லாய்வி (மதுரை), 6 செப்டம்பர், மாலை 5.15

தலைப்பை விட்டு ஒரு நிமிஷம் விலகுகிறேன், மன்னிக்கவும். நான் மொழியியல் ஆள், நிரலர் இல்லை. பழைய தமிழ்ப் பாடல்களில் எதுகை தேட பெர்ல் கற்றேன். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேட்டால் ஆரம்பத்தில் 15 என்று வரும், அது யூடிஎஃப்-8 முறையில் கணினி சேமிக்கிற பைட் கணக்கு. எழுத்துக் குறிகளாக டிகோட் செய்த பிறகு 5 என்று வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு வேண்டியது 3. பெர்லில் எழுத்துகளைத் தேடும் குறிமுறையான ரெகெக்ஸில் பின்சாய்வுக் கோடும் பெரிய எக்ஸும் (\X) சேர்த்துப் போட்டால் மூன்று என்று சரியாக எண்ணும், த, மி, ழ் என்று பிரிக்கும். பைத்தானின் உள்ளே வருகிற ரெகெக்ஸில் இது இல்லை, தனியாக ஒரு மாட்யூல் போட வேண்டும். க்ஷ-வைத்தான் இரண்டாக உடைக்கிறது. அதற்கு மட்டும் நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன்.

இதைச் சொல்லக் காரணம், ஒட்டகத்தின் ஊரில் பெர்லுக்கு வேலை இல்லாமல் போகலாம், என் மேஜையில் இருக்கிறது. சம்பளம் மட்டும் கேட்காதீர்கள்.

---

ஒட்டகம்_87, 14 அக்டோபர், மாலை 7.30

ஐந்து வாரமாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

குமுதா சொன்னபடி ரெஸ்யூமேயைத் திருப்பிப் போட்டேன். முதல் பத்தியில் பெர்ல் என்ற சொல்லே இல்லை. இரட்டை பில் வராமல் பார்த்துக்கொண்டது, ஒரு ராத்திரியில் தேங்கிய மூன்று நாள் பதிவுகளை விடிவதற்குள் ஓட்டி முடித்தது, இவைதான். இரண்டு வாரத்தில் ஆறு அழைப்பு. நான்கு இன்டர்வியூ. இரண்டில் ஒயிட்போர்டில் "மரம்" என்ற தகவல் அமைப்பைத் தலைகீழாக்கச் சொன்னார்கள், தோற்றேன். ஒன்றில் மூன்று ரவுண்டு முடிந்து "பட்ஜெட் இல்லை" என்றார்கள்.

நான்காவது பணப் பரிமாற்றம் பார்க்கிற ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். எதிரே உட்கார்ந்த பெண் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். என் மாட்யூலின் பக்கம். 2017-இல் யாரோ திறந்த ஒரு இஷ்யூ. "பெயரை மாற்று, ஃபங்ஷன் பெயர் அசிங்கமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார். நான் மறுத்திருந்தேன். பழைய பெயரை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, புதுப் பெயரைச் சேர்க்கிறேன், பழையதை எடுக்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன். நானே மறந்துவிட்டேன். அவர் கேட்டார்: "இன்றைக்கும் அதே பதில்தானா?" அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. எப்போது பழையதை எடுக்கலாம், எப்படி முன்னறிவிப்புத் தருவது, பணம் ஓடுகிற சிஸ்டத்தில் அதை எப்படிச் செய்வது. நான் "ஆமாம், அதே பதில்தான், ஆனால் எச்சரிக்கையைக் கூடவே போட்டிருக்க வேண்டும்" என்றேன். மரம், லிங்க்டு லிஸ்ட் எதுவும் கேட்கவில்லை.

ஆஃபர் வந்துவிட்டது. இப்போது 19 லட்சம் வாங்குகிறேன், அங்கே 26. நோட்டீஸ் பீரியட் 90 நாள், ஜனவரியில் சேர்கிறேன். என்ன வேலை தெரியுமா? அவர்களிடம் பெர்லில் எழுதிய பழைய செட்டில்மென்ட் சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு, கோ (Go) என்ற நிரல்மொழியில் திரும்ப எழுதி, பழையதை நிறுத்த வேண்டும். பெர்லைப் படிக்கத் தெரியும் என்பதற்காகவே எடுத்திருக்கிறார்கள், அதை மூடுவதற்கு. வீட்டில் சொன்னேன், சிரித்தார்கள். எனக்கு அன்று ராத்திரி என்னவோ போல இருந்தது.

---

கோபால்_மெயின்ஃப்ரேம், 14 அக்டோபர், இரவு 8.05

வாழ்த்துகள் தம்பி. மூட எடுத்த ஆளாகத்தான் நானும் 2003-இல் ஒரு ப்ராஜெக்ட்டில் போனேன். "இன்னும் 18 மாதம்" என்றார்கள். இன்னமும் மூடிக்கொண்டிருக்கிறோம்.

---

இரண்டு_பிள்ளை_அம்மா, 14 அக்டோபர், இரவு 8.40

வாழ்த்துகள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்னால் எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்கிற அந்தப் பத்தியைப் பாருங்கள். பழைய மாட்யூல்களின் பெயரை எழுதி, இவை எனக்குச் சொந்தம் என்று விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சேரும்முன் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

---

நிரல்_நெல்லை, 15 அக்டோபர், காலை 10.50

அண்ணா வாழ்த்துகள்! பெர்ல் கொஞ்சம் படித்தேன், உங்கள் மாட்யூலை எடுத்து வைத்துக்கொண்டு. அப்பாவின் கடைக் கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன். மைனஸ் ஒரு லட்சம் சரியாக வருகிறது. மைனஸ் பத்து லட்சம் கொடுத்தால் மைனஸ் குறிக்கு அடுத்து உடனே ஒரு காற்புள்ளி விழுகிறது. மைனஸ் நூறுக்கும் அப்படித்தான். குறியையும் ஒரு இலக்கமாக எண்ணிவிடுகிறது என்று நினைக்கிறேன். புல் ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் திட்டாதீர்கள்.

---

ஒட்டகம்_87, 15 அக்டோபர், இரவு 9.15

எட்டு வருஷமாக இந்த மாட்யூலில் ஒருத்தர்கூட நஷ்டக் கணக்குப் போடவில்லையா! பார்த்தேன், நீ சொன்னது சரி. குறியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ஒட்டியிருக்கிறாய், அதுவும் சரி. ஆனால் டெஸ்ட் எங்கே? மைனஸ் நூறு, மைனஸ் ஆயிரம், மைனஸ் லட்சம், மைனஸ் பத்து லட்சம், நாலையும் சேர்த்து அனுப்பு. சைபருக்கும் ஒன்று போடு.

---

நிரல்_நெல்லை, 16 அக்டோபர், காலை 7.20

போட்டுவிட்டேன் அண்ணா.

---

ஒட்டகம்_87, 18 அக்டோபர், காலை 8.30

நேற்று மாலை புதிய பதிப்பை ஏற்றினேன். மாற்றங்கள் கோப்பில் உன் பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லாமல். துணை உரிமை இப்போதைக்குக் கிடையாது, தேவி திட்டுவார். காலையில் டெஸ்டர்ஸ் பக்கத்தைப் பார்த்தேன்: 41 பாஸ், ஒரு ஃபெயில். அது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில். நான் அலுவலகம் கிளம்புகிறேன், அறிக்கையை நீயே திறந்து படி.